பொல்லார்டா, சாஷாவா: 10-ஆம் எண் சட்டை யாருக்கு?

2027-இல் ஆஸ்திரேலியாவில் ரக்பி உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்க ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் இதே வாக்குவாதம்தான்: ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளை ஹாஃப் (10-ஆம் எண்) இடத்தில் ஹாண்ட்ரே பொல்லார்டா, சாஷா ஃபைன்பெர்க் ம்ங்கோமெசுலுவா?

கோல் உதை
பொல்லார்ட்: 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அணி எடுத்த 32 புள்ளிகளில் 22 இவருடையவை. 2023-இல் காயத்தால் முதல் பட்டியலிலேயே இல்லை. மாற்றாக நடுவில் வந்தவர், அரையிறுதியில் கடைசி நிமிடங்களில் அடித்த பெனால்டியால் இங்கிலாந்தை 16-15 என வீழ்த்தினார். இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தை 12-11 என வென்றபோது அந்த 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்து வந்தவை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?
சாஷா: நல்ல உதை, தூரமும் போகும். உலகக் கோப்பை நெருக்கடியில் இன்னும் சோதிக்கப்படவில்லை.

தாக்குதல்
பொல்லார்ட்: அளந்து ஆடுவார், தற்காப்பில் அசையமாட்டார்.
சாஷா: பந்து கையில் வந்தாலே எதிரணி வரிசை குலைகிறது. 2025-இல் டர்பனில் அர்ஜென்டினாவுக்கு எதிராக மூன்று ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) உட்பட 37 புள்ளிகள். ஒரே டெஸ்டில் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) ஸ்பிரிங்பாக் (தென்னாப்பிரிக்க அணி) வீரர் ஒருவர் எடுத்த அதிகபட்சம் அது.

வயது (2027-இல்)
பொல்லார்டுக்கு 33, சாஷாவுக்கு 25.

குழுச் சுற்றில் ட்ரைகளைக் குவிக்க சாஷாதான் தொடங்க வேண்டும். நாக் அவுட்டிலும் அவரே தொடங்கட்டும் என்பேன். ஆனால் மழை பெய்து, ஆட்டம் மூன்று புள்ளி வித்தியாசத்தில் இழுத்துக்கொண்டிருந்தால், மாற்று வீரர்கள் வரிசையில் பொல்லார்ட் இருந்தே ஆக வேண்டும்.