கியர் மாட்டியதற்கு இஞ்சினையே மாற்றிவிட்டார்கள்: ராமநாதபுரம் கடலோரத்தில் பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, இந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி என்று பைக்கை நம்பிப் பிழைக்கிற எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். கியர் மாட்டிக்கொண்டது என்று பட்டறையில் விட்ட என் வண்டிக்கு, என்னைக் கேட்காமலேயே இஞ்சினை மாற்றி 13,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மாற்றி வைத்த இஞ்சினில் நம்பர் சரியில்லை. கழற்றிப் போட்ட என் இஞ்சினில் போயிருந்தது ஒரே ஒரு ஸ்பிரிங். புகார் இன்னும் முடியவில்லை என்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. விசாரித்ததில் இதே மாதிரி மாட்டியவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள். அதனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

நான் பாம்பனில் மீன் எடுத்து உச்சிப்புளி சுற்றுவட்டாரக் கிராமங்களில் விற்கிறவன். வண்டி பழைய ஸ்பிளெண்டர், பின்னால் ஐஸ் பெட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீனை வைத்துத்தான் காலம் தள்ளுவோம். தடை முடிந்து விசைப்படகுகள் முதல் மீனோடு கரை திரும்புகிற நாட்களில்தான் எங்கள் கையில் நாலு காசு புரளும். அதற்கு முந்தின வாரம் பார்த்து வண்டி ரெண்டாம் கியரில் மாட்டிக்கொண்டது. லிவரை மிதித்தால் போய் அப்படியே நிற்கிறது, திரும்பி மேலே வரவில்லை. நியூட்ரல் விழவே இல்லை. ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி ராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அவர் லிவரை ஆட்டிப் பார்த்தார். வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். "கியர் பாக்ஸ் முடிஞ்சிருச்சு தம்பி. இஞ்சின் கேஸைப் பிரிச்சா எட்டாயிரத்துக்குக் குறையாது, பிரிச்சாலும் கேரண்டி சொல்ல முடியாது. நம்மகிட்ட ஓடுன இஞ்சின் ஒண்ணு கிடக்கு. தூக்கி வச்சா உடனே வண்டி ரெடி" என்றார். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் சொன்ன வார்த்தை இது. "முதல்ல கழட்டிப் பாருங்கண்ணே. எது போயிருக்குன்னு காட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்று தலையாட்டினார்.

அப்புறம் போன். கழட்டியாச்சு, உள்ளே பல் எல்லாம் உடைந்து தூளாகிக் கிடக்கிறது என்றார். ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள் என்றேன். கையெல்லாம் ஆயில், அப்புறம் அனுப்புகிறேன் என்றார். போட்டோ வரவே இல்லை. நேரில் போய் நின்றால் வேறு இஞ்சின் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது! "தடைக்காலம் முடியுதுன்னு நீங்கதானே அவசரப்பட்டீங்க, உங்களுக்காகத்தான் ராவெல்லாம் உக்காந்து பண்ணிக் குடுத்தேன்" என்றார். பணம் கொடுத்தால்தான் சாவி. பழைய இஞ்சின் எங்கே என்று கேட்டதற்கு, அதை எக்ஸ்சேஞ்சில் கழித்தாச்சு என்றார். மறுநாள் ஏலத்துக்குப் போக வண்டி வேண்டும். ஜிபேயில் பணத்தை அனுப்பி, பில் கேட்டு நின்றேன். ஒரு வெள்ளைத்தாளில் "இஞ்சின் வேலை 13,500" என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளையும் ஜிபே ரசீதையும் பத்திரமாக வைத்திருந்ததுதான் பிற்பாடு கைகொடுத்தது.

வண்டி ஓடியது. ஆனால் சைலன்சரில் நீலப் புகை, ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. மண்டபத்தில் ரொம்ப வருடமாகப் பட்டறை வைத்திருக்கிற பாய் ஒருவரிடம் காட்டினேன். அவர் புகையைப் பார்க்கவில்லை, குனிந்து இஞ்சின் நம்பரைத்தான் முதலில் பார்த்தார். இந்த வண்டியில் அது இடது பக்கம் கேஸின், அதாவது இஞ்சினின் வெளிக்கூட்டின், அடிப்பாகத்தில் அடித்திருக்கும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசினார். மூன்று எழுத்து நேராக விழுந்தது, மற்றவை மேலும் கீழுமாக. அதைச் சுற்றி அலுமினியம் மட்டும் ராவி எடுத்த மாதிரி மழுமழுவென்று இருந்தது. "தம்பி, இதோட ரோட்டுல போகாதீங்க" என்றார். என் ஆர்.சி.யில் இருக்கிற நம்பர் வேறு.

அது திருட்டு இஞ்சின் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நம்பரை ராவிய இஞ்சின் என் வண்டியில் இருக்கிறதே, வழியில் நிறுத்திக் கேட்டால் யார் பதில் சொல்வது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்காமல் இஞ்சின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்தம் செய்ய வேண்டும். முறையில்லாமல் வண்டியை மாற்றினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தண்டனை வண்டி உரிமையாளருக்கு. இன்சூரன்ஸ் பாலிசியிலும் இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் இருக்கிறது. விபத்து என்று வந்தால் கம்பெனி முதலில் அதைத்தான் ஒத்துப்பார்க்கும். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் அங்கேயும் நம்பர் பார்ப்பார்கள். இங்கே டி.என்.65 போட்ட பழைய வண்டிகள் நிறைய அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. மெக்கானிக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பதில் சொல்லி நிற்க வேண்டியது நாம்.

மச்சானைக் கூட்டிக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். பென்சிலில் எடுத்த தாளைக் காட்டி, என் இஞ்சினைக் கொடுக்காவிட்டால் இதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுப்பேன் என்றேன். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்று சொன்ன இஞ்சின், பட்டறைக்குப் பின்னால் டயர்களுக்கு அடியிலிருந்து வந்தது. நம்பர் என் ஆர்.சி. நம்பரேதான்.

அந்த இஞ்சினை மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்கியதும் பாய் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபத்தில் பேச்சே வரவில்லை. கிளட்ச் கவரின் போல்ட் தலை ஒவ்வொன்றிலும் கடற்காற்றின் உப்புத் துரு அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் மூலைகளில் துரு உதிர்ந்து பளிச்சென்று இரும்பு தெரியும். ஒரு போல்ட்டில்கூட அது இல்லை. கேஸ் ஒட்டுகிற இடத்திலும் பழைய பேக்கிங்தான், அதன் மேல் மண்ணும் ஆயிலும் சேர்ந்த பழைய அழுக்கு. உள்ளே பல்லெல்லாம் தூள் என்று சொன்னவர் இஞ்சினைத் திறக்கவே இல்லை. எட்டாம் நம்பர் ஸ்பேனரை வைப்பதற்கு முன்னால் அந்தப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக போட்டோ எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்தார். விரலால் அடியைத் தடவிக் காட்டினார். கறுப்புதான், இரும்புத் துண்டு ஒன்றுகூட இல்லை. கியர் பல் உடைந்திருந்தால் அதன் சில்லு ஆயிலோடு எங்கே போகும்? ட்ரெயின் போல்ட்டை அவிழ்ப்பது ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கியர் பாக்ஸ் போச்சு என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பிறகு கிளட்ச் கவரை எடுத்து, கிளட்ச் செட்டைக் கழற்றினார். அதற்குப் பின்னால்தான் கியர் ஷாஃப்டின் கை இருக்கிறது. அதில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுருள் ஸ்பிரிங். மிதித்த லிவரைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவருவது அதுதான். அதன் ஒரு கால் ஒடிந்து, ஒடிந்த துண்டு கியர் டிரம்மின் நட்சத்திரத் தகட்டுக்கும் கைக்கும் இடையில் செருகி நின்றது. பாய் அதைக் குறடால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட இல்லை.

ஸ்பிரிங், பேக்கிங், புது ஆயில், துருப்பிடித்திருந்த கிளட்ச் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 1,250 ரூபாய். கேஸ் பிரிக்கவே இல்லை. இஞ்சினை வண்டியில் ஏற்றி இறக்கிய கூலி தனி, அது அந்தப் பட்டறைக்காரரால் வந்த செலவு.

மற்றவர்களுக்கு உதவும் என்று பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வண்டி நிற்கும்போது கியர் விழாதது ஜாம் ஆகாது. கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றும், பக்கவாட்டுக் கொக்கிகள் நேராக வந்தால்தான் மாட்டும். இஞ்சினை அணைத்து, வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே லிவரைத் தட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கிளட்ச் பிடித்த பிறகும் வண்டி இழுத்தால், கியர் கல் மாதிரி இறுகினால், கேபிளையும் கிளட்ச் பிளேட்டையும் பாருங்கள். நம் கடற்காற்றில் கேபிள் உள்ளே துருப்பிடித்து முழுசாக இழுபடாமல் போவது சகஜம். லிவர் மட்டும் சும்மா ஆடினால் வெளியே இருக்கிற லிவர் பல் தேய்ந்திருக்கும். லிவர் திரும்பி வராவிட்டால் என் வண்டி மாதிரி ஸ்பிரிங். இவை எதற்கும் கேஸைப் பிரிக்க வேண்டாம். ஓடும்போது கியர் தானாகத் தெறித்து விழுகிறது, ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் கரகரவென்று சத்தம், ஆயிலில் இரும்புச் சில்லு என்றால்தான் உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க்கோ பல்லோ பேரிங்கோ போயிருக்கும். அதற்குத்தான் கேஸ் பிரிப்பது.

கேஸ் பிரித்தாலும் இஞ்சின் மாற்ற வேண்டியதில்லை. நம்பர் அடித்திருப்பது கேஸின் மேல். உள்ளே இருக்கிற கியர் செட், ஃபோர்க், பேரிங், கிராங்க், பிஸ்டன் எல்லாவற்றையும் மாற்றினாலும் கேஸ் உங்களுடையதாக இருக்கும் வரை நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. வேலையும் இல்லை. செயின் அறுந்து முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு கேஸையே பிளந்துவிட்டது, அல்லது கிராங்க், சிலிண்டர் போர், கியர் எல்லாம் சேர்ந்து போய்விட்டது என்றால் மாற்றுவது நியாயம்தான். அப்போதும் அதே மாடல் இஞ்சின், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு அந்த வண்டியின் ஆர்.சி. நகல், இஞ்சின் நம்பர் எழுதிய பில், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி, பிறகு இன்சூரன்ஸில் திருத்தம், இவ்வளவும் வேண்டும். இதையெல்லாம் கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

வண்டியை விடும்போதே இஞ்சின் நம்பரை உங்கள் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "பார்த்துச் சொல்ல மட்டும், கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள். கழற்றிய பழைய சாமானெல்லாம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். தடைக்காலம் முடிகிற நேரத்தில் நமக்கிருக்கிற அவசரம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரல், மே மாதத்திலேயே வண்டி வேலையை முடித்துவிடுவது நல்லது.

இப்போதைய நிலை இதுதான். ராவிய நம்பர் உள்ள இஞ்சினைப் பட்டறையில் திருப்பிக் கொடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதை அங்கேயே ஒப்படைத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். ரசீது வாங்கியது தெரிந்ததும் பட்டறைக்காரர் ஆள் விட்டுப் பேசி 9,000 ரூபாய் திருப்பித் தந்தார், மீதி தர மறுக்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம்.

இந்தப் பக்கம் பட்டறையில் இஞ்சின் மாற்றியவர்கள் தயவுசெய்து இன்றைக்கே ஒரு தாளும் பென்சிலும் எடுத்து நம்பரை உரசிப் பார்த்து, ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். மாறியிருந்தால், அல்லது ராவிய தடம் தெரிந்தால், எனக்குச் செய்தி அனுப்புங்கள். பில்லோ பணம் அனுப்பிய ரசீதோ இருந்தால் எடுத்து வையுங்கள், சேர்ந்தே போய்ப் புகார் கொடுக்கலாம்.