ரொக்க ஜாமீனுக்கு மாற்று எது? நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய் வழிகள்

அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய 10-ல் 7 பேர் தண்டனை பெறாதவர்கள். வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனாலும் உள்ளே இருக்கிறார்கள். இவர்களில் பலரை வெளியே விட்டால் ஆபத்து என்று எந்த நீதிபதியும் முடிவுசெய்யவில்லை. நிறைய பேருக்குக் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

நீதிபதி 10,000 டாலர் ஜாமீன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையையும் நீதிமன்றத்தில் கட்டினால், எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக வந்தவருக்கு வழக்கு முடிந்ததும் பணம் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு பணம் இல்லாதவர் ஜாமீன் ஏஜென்டிடம் போவார். அவர் பொதுவாக 10 சதவீதம், அதாவது 1,000 டாலர் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்பார். அந்த ஆயிரம் திரும்பி வராது. வழக்கே தள்ளுபடியானாலும் போனது போனதுதான். வசதி உள்ளவருக்கு வைப்புத்தொகையாக இருப்பது வசதி இல்லாதவருக்குக் கட்டணமாகிவிடுகிறது.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்றும் அற்பமானதல்ல. பணம் மாட்டிக்கொண்டிருந்தால் ஆள் நீதிமன்றத்துக்கு வருவார். வராவிட்டால் ஏஜென்டே தேடிப் பிடித்துக் கொண்டுவருவார், அரசுக்குச் செலவில்லை. சரி. ஆனால் 'ஆபத்தானவரைத் தடுக்கிறது' என்ற இன்னொரு வாதத்துக்கு இரண்டு வழக்குகளே பதில் சொல்லிவிடுகின்றன.

2010-ல் நியூயார்க்கில் கலீஃப் பிரவுடர் என்ற 16 வயதுப் பையன், ஒரு முதுகுப்பையைத் திருடியதாகக் கைதானான். ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. சுமார் இரண்டரை மாதம் கழித்து குற்றச்சாட்டு பதிவானபோது, முந்தைய வழக்கின் நன்னடத்தைக் கண்காணிப்பைக் காரணம் காட்டி ஜாமீன் கதவும் மூடப்பட்டது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் சுமார் மூன்று ஆண்டுகள். அதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறை. விரைவாக விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் அரசு வழக்கறிஞர் ஒரு வாரம் அவகாசம் கேட்பார், அடுத்த வாய்தா பல வாரங்கள் தள்ளிப்போகும், கணக்கில் ஏறுவது அந்த ஒரு வாரம் மட்டும். 2013-ல் வழக்கு கைவிடப்பட்டது. 2015-ல் பிரவுடர் தற்கொலை செய்துகொண்டார்.

2021 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கஷா நகரில், கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குள் வண்டியை ஓட்டி ஆறு பேரைக் கொன்றவர், சில நாட்களுக்கு முன்புதான் 1,000 டாலர் ஜாமீனில் வெளியே வந்திருந்தார். அந்த முந்தைய வழக்கே ஒரு பெண்ணின் மீது வண்டியை ஏற்றியதாகத்தான். பணம் ஆபத்தை அளப்பதில்லை. பையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது.

இனி மாற்று வழிகள். முதலில் நியூ ஜெர்சி. 2014-ல் சட்டம் இயற்றி, அதே ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் மாநில அரசியலமைப்பையும் திருத்தி, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ரொக்க ஜாமீன் பேருக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் அரிது. அதன் இடத்தில் வெளியே விட்டால் வாய்தாவுக்கு வருவாரா, மீண்டும் குற்றம் செய்வாரா என்று ஒன்பது விவரங்களை வைத்துக் கணக்கிடும் ஒரு மதிப்பெண் வந்தது: வயது, நிலுவை வழக்கு, முந்தைய தண்டனை, முன்பு வாய்தாவுக்கு வராமல் இருந்தது போன்றவை. இனமோ, முகவரியோ, வேலையோ அதில் கிடையாது. 2015 இறுதிக்கும் 2018 இறுதிக்கும் நடுவே விசாரணைக் கைதிகள் சுமார் 44 சதவீதம் குறைந்தார்கள். வாய்தாவுக்கு வருகிறவர்களின் விகிதம் 2014-ல் 92.7 சதவீதமாக இருந்தது, 2017-ல் 89.4 ஆனது. சரிவுதான், ஆனால் பயமுறுத்தியவர்கள் சொன்ன பேரழிவு அல்ல.

மதிப்பெண் மீதுதான் எனக்குச் சந்தேகம். இனம் கேட்கப்படாவிட்டாலும், எந்தத் தெருவில் போலீஸ் அதிகம் நிற்கிறதோ அந்தத் தெருக்காரரின் பழைய வழக்குகள்தான் அதிகமாகப் பதிவாகியிருக்கும். சிறைக்கூட்டம் அத்தனை குறைந்தும், நியூ ஜெர்சி சிறைகளில் கறுப்பினத்தவரின் பங்கு 2012-ல் 54 சதவீதம், 2018-லும் 54 சதவீதம். இந்த மாதிரிக் கருவிகளை ஒருகாலத்தில் முன்னின்று பரிந்துரைத்த பிரீட்ரயல் ஜஸ்டிஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஜாமீன் சீர்திருத்த அமைப்பே, 2020-ல் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆனால் நியூ ஜெர்சியில் அதிகம் பேசப்படாத நல்ல அம்சம் ஒன்று உண்டு, அது கெடு. காவலில் வைத்தவர் மீது 90 நாட்களுக்குள் முறையான குற்றச்சாட்டு, அதிலிருந்து 180 நாட்களுக்குள் விசாரணை. விதிவிலக்குகள் இருக்கின்றன, இருந்தாலும் கடிகாரம் ஓடுகிறது.

நியூயார்க் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் பெரும்பாலான சிறு குற்றங்களுக்கும் வன்முறையற்ற குற்றங்களுக்கும் ரொக்க ஜாமீனை எடுத்தார்கள், மற்றவற்றுக்கு விட்டுவைத்தார்கள். ஒருவர் பொதுமக்களுக்கு ஆபத்தா என்று நீதிபதி பார்க்கக்கூடாது என்பது அந்த மாநிலத்தின் பழைய விநோதம், அதையும் தொடவில்லை. அதனால் எந்த அதிர்ச்சிச் செய்தி வந்தாலும், எந்தக் குற்றத்துக்கு ஜாமீன் கேட்கலாம் என்ற பட்டியலைத் திருத்துவதுதான் ஒரே வழி. 2020, 2022, 2023 என்று திருத்திக்கொண்டே இருந்தார்கள். பாதி வழியில் நின்ற சீர்திருத்தம்.

இல்லினாய் நேராக விஷயத்துக்கு வந்தது. ஜாமீன் ஏஜென்டுகளை 1963-லேயே விரட்டிய மாநிலம் அது. ஆனால் அப்புறம் நீதிமன்றமே 10 சதவீத வைப்பு வாங்கி, அதிலும் ஒரு பகுதியைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ரொக்க ஜாமீனை ஒழிக்கும் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 5-2 என்று அனுமதித்த பின், 2023 செப்டம்பர் 18 முதல் அது முழுவதும் ஒழிந்தது. நாட்டிலேயே முதல் மாநிலம். இனி ஒருவரை உள்ளே வைக்க வேண்டுமானால் அரசுத் தரப்பு மனு போட வேண்டும். இவர் இந்தக் குற்றத்தைச் செய்திருப்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு, விட்டால் ஆபத்து அல்லது தப்பிவிடுவார், எந்த நிபந்தனையும் போதாது என்று காட்ட வேண்டும். எதிரே வழக்கறிஞர் இருப்பார்.

இதில் எனக்குப் பிடித்தது இதுதான்: மறைக்க இடமில்லை. முன்பு நீதிபதி கட்ட முடியாத தொகையைச் சொல்லிவிட்டு, 'நான் ஜாமீன் கொடுத்தேனே' என்று கை கழுவலாம். இப்போது 'அடைக்கிறேன், காரணம் இது' என்று சொல்லியாக வேண்டும். கொடூரமான குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் காசைக் கொடுத்து வெளியே வர முடியாது. ரொக்க ஜாமீன் ஆதரவாளர்கள் இதை ஏனோ சொல்வதே இல்லை. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் ரொக்கமில்லா ஜாமீனுக்கு எதிராக உத்தரவு போட்டபோதும் இந்தப் பக்கம் பேசப்படவில்லை.

ஆனால் அடைப்பதா விடுவதா என்று இப்படித் தனி விசாரணை நடத்தினாலே நியாயம் வந்துவிடும் என்று நம்புவதற்கும் இல்லை. மாநிலங்களுடையவை அல்லாத, அமெரிக்க ஒன்றிய அரசின் நீதிமன்றங்களைப் பாருங்கள். 1984 சட்டத்திலிருந்து அங்கேயும் பணத்தைவிட விசாரணைக்குத்தான் முக்கியத்துவம். 1987-ல் சலெர்னோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 'சுதந்திரமே வழக்கம், காவல் விதிவிலக்கு' என்று அந்தத் தீர்ப்பே சொன்னது. நடப்பது தலைகீழ்: அங்கே பெரும்பாலானோர் காவலில்தான். ஒரு பெரிய காரணம், கடுமையான போதைப்பொருள் வழக்கு போன்றவற்றில் 'அடைத்துவைப்பதே சரி' என்ற அனுமானத்தோடு சட்டம் தொடங்குகிறது. தான் ஏன் வெளியே இருக்கலாம் என்று கைதானவர்தான் முதலில் வாதாட வேண்டியிருக்கிறது. இல்லினாயில் அந்தச் சுமை அரசின் தோளில். இரண்டு இடத்திலும் விசாரணை உண்டு. முடிவை மாற்றுவது சுமை யார் மேல் என்பதே.

என்னைக் கேட்டால், இல்லினாயின் சுமை, நியூ ஜெர்சியின் கெடு, கூடவே ஒரு குறுஞ்செய்தி. கடைசியாகச் சொன்னது விளையாட்டல்ல. நியூயார்க் நகரில் வாய்தாவை நினைவூட்டி செல்போனுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. வராமல் போகிறவர்கள் 21 சதவீதம் குறைந்தார்கள். தப்பி ஓடுகிறார்கள் என்று நினைத்தவர்களில் பலர் தேதியை மறந்தவர்கள். ஆனால் செய்தி அனுப்ப ஆகும் சில காசுகளைப் போல, விசாரணைக்கான செலவு மலிவு அல்ல. மனு வந்த ஓரிரு நாளில் வழக்கைப் படித்து வாதாட, வசதியில்லாதவருக்கு அரசே ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும். பெரிய நகரங்களில் அதற்கென்று அலுவலகங்கள் இருக்கின்றன. கிராமப்புற மாவட்டங்களில் ஒரே ஆள் பல வழக்குகளுக்கு ஓடுகிறார். அங்கே காலையில் கோப்பை வாங்கி மதியம் வாதாடுவதற்குப் பெயர் விசாரணை என்றாலும், நியூ ஜெர்சியின் மதிப்பெண்ணைவிட அது நியாயமானது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.