சிலிண்டர் பவரும் டோரிக் லென்ஸும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

என் வலக்கண்ணுக்கான கண்ணாடிச் சீட்டில் ஸ்பியர் (எல்லாத் திசைக்கும் பொதுவான பவர்) பூஜ்யம், சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் கூடுதலாகத் தரும் பவர்) −1.50, ஆக்சிஸ் (சிலிண்டர் அமைய வேண்டிய கோணம், பாகையில்) 180 என்று இருக்கும். கருவிழியின் முன்பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வளையாமல், மேல்கீழாகச் சற்றுக் கூடுதலாக வளைந்திருப்பதுதான் எனக்குள்ள அஸ்டிக்மாடிசம். கண்ணாடியைக் கழற்றினால் எல்லாம் ஒரே சீராக மங்குவதில்லை. பேருந்துப் பலகையில் நெடுக்குக் கோடுகள் தெளிவாக நிற்க, கிடைக்கோடுகள் மட்டும் கரைவதால் 3, 6, 8 என்ற எண்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மேலும் கீழும் இழுபட்ட கீற்றாகத் தெரியும்.

பவரை விட ஆக்சிஸில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது 10 பாகை பிசகினாலே குறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நிற்கும். 30 பாகை பிசகினால், கண்ணாடி அணிந்தும் அணியாத அளவுக்கே குறை மிஞ்சும். வட்ட வடிவ ஃபிரேமில் திருகாணி தளர்ந்தால் கண்ணாடி வில்லை உள்ளுக்குள்ளேயே சுழன்றுவிடும் என்பதால் அந்த வடிவத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடியைக் கைநீட்டிப் பிடித்து, வில்லையின் நடுப்பகுதி வழியே கதவுச் சட்டத்தின் நெடுக்கு விளிம்பைப் பார்த்தவாறு மெதுவாகத் திருப்பினால், உள்ளே தெரியும் விளிம்பு வெளியே உள்ளதிலிருந்து முறிந்து சாயும். என் ஆக்சிஸ் 180 என்பதால், கண்ணாடி நேராக இருக்கும்போது அந்த விளிம்பு சாயாமல் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் உடனே கடைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

அஸ்டிக்மாடிசத்தைத் திருத்தும் டோரிக் காண்டாக்ட் லென்ஸ் தரும் அகன்ற பார்வை கண்ணாடியில் கிடைக்காது. பெரும்பாலானவற்றில் கீழ்ப்பகுதி சற்றுத் தடித்திருப்பதால், லென்ஸ் சுழலாமல் தன் நிலையில் நிற்கிறது. ஆயினும் ஒருக்களித்துப் படுத்தாலோ, குளிர்சாதன அறையில் கண் வறண்டாலோ நிலை மாறி எழுத்துகள் கலங்கும். நாலைந்து முறை இமைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரண லென்ஸை விட விலை அதிகம் என்பதால் பயண நாட்களில் மட்டுமே அணிகிறேன்.

இரண்டு இடங்களில் பரிசோதித்தவர்கள் எண்கள் மாறியிருப்பதாகக் கருதிப் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பியர் −1.50, சிலிண்டர் +1.50, ஆக்சிஸ் 90 என்று எழுதினாலும் அது என் பவரேதான். சிலிண்டரைக் கூட்டல் குறியில் எழுதும் முறை அது. உண்மையிலேயே சிலிண்டர் ஆண்டுக்காண்டு ஏறினால், குறிப்பாகக் கண்ணைக் கசக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு, புதுக் கண்ணாடியோடு நிறுத்தாமல் கருவிழிப் பரப்பின் வளைவை வரைபடமாக்கும் கார்னியா டோபோகிராஃபி பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கருவிழி கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸ் நோயும் இப்படித்தான் தொடங்கும். தொடக்கத்திலேயே கண்டால் அது மேலும் முற்றாமல் தடுக்கச் சிகிச்சை உண்டு.