மூன்று வருஷமாக ஸ்கேனர் வைத்திருக்கிறேன், முழுத் தாடை என்றால் இன்னும் நம்பிக்கை வரவில்லை

காலேஜில் கூடப் படித்த நண்பன் நேற்று தென்காசியிலிருந்து போன் பண்ணினான். "விலை நல்லா இறங்கியிருக்கே, வாய்க்குள்ள வச்சு எடுக்கிற ஸ்கேனர் ஒண்ணு வாங்கிரலாமாடா?" அன்று காலைதான் மேல்தாடையில் ஆறு இம்பிளான்ட் (எலும்பில் திருகி வைக்கிற செயற்கை வேர்) போட்ட ஒருவருக்கு, பற்களைத் தாங்குவதற்காக லேபிலிருந்து வந்த மெட்டல் ஃப்ரேமைத் திருப்பி அனுப்பியிருந்தேன், அந்த எரிச்சலிலேயே எழுதுகிறேன்.

ஒரு பல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று பல் என்றால் இந்த மெஷினைக் குறை சொல்லவே மாட்டேன். முன்பெல்லாம் ட்ரேயில் அச்சுப் பொருளை நிரப்பி வாயில் அமுக்கி, அது இறுகுகிறவரை குமட்டிக் கண்ணீர் விடுகிற ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது இம்பிளான்ட் இருக்கிற இடத்தை ஸ்கேனருக்குக் காட்டுகிற ஸ்கேன் பாடி என்ற சின்னத் துண்டை அதில் திருகி, சரியாக உட்கார்ந்ததா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு ஸ்கேன் பண்ணினால் சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. நடுவில் குமட்டல் வந்தால் வெளியே எடுத்து, அவர் மூச்சு வாங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்காகவே கும்பிடலாம்.

வம்பெல்லாம் பல்லே இல்லாத தாடையில்தான். ஸ்கேனர் முழு வாயையும் ஒரே படமாக எடுப்பதில்லை, சின்னச் சின்னதாக எடுத்து ஒன்றோடு ஒன்றை ஒட்டிக்கொண்டே போகிறது. பல் இருந்தால் மேடு பள்ளம் இருக்கும், அதைப் பிடித்து ஒட்டும். இரண்டு இம்பிளான்ட்டுக்கு நடுவில் வழவழவென்று எச்சில் பட்ட ஈறு மட்டும் இருந்தால் எதைப் பிடிக்கும்? ஒவ்வொரு ஒட்டிலும் துளி தப்பு, வலது கடைசியில் தொடங்கி இடது கடைசிக்குப் போவதற்குள் எல்லாம் சேர்ந்துவிடும். சொந்தப் பல் என்றால் வேரைச் சுற்றியுள்ள நார் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இம்பிளான்ட் எலும்போடு இறுகியது, 100 மைக்ரான், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடி தடிமன் தள்ளியிருந்தாலே அந்த இழுவை ஃப்ரேமைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவில் போய் நிற்கும். அப்புறம் ஸ்க்ரூ லூசாகும், பீங்கான் தெறிக்கும்.

எனக்குக் கோபமே, இது திரையில் தெரியாது என்பதில்தான். அதே ஃபைலை வைத்துத்தான் லேபில் மாடலும் பிரின்ட் பண்ணுகிறார்கள், தப்பான மாடலில் தப்பான ஃப்ரேம் கச்சிதமாகத்தான் உட்காரும். நேற்று அந்த ஆறு இம்பிளான்ட்காரர் வாயில் ஃப்ரேமை வைத்து வலது கடைசி ஸ்க்ரூவை மட்டும் முடுக்கினேன். இடது கடைசியில் ஃப்ரேம் விலகிக்கொண்டது, எக்ஸ்ரேயில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், முசிறியிலிருந்து நாலாவது தடவையாக வந்தவர். "இன்னிக்குப் பல்லு வச்சிருவீங்கல்ல டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இத்தனைக்கும் எல்லாம் செய்திருந்தேன். கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் பலமுறை போய்வந்த பழைய ஸ்கேன் பாடிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன். ஒன்றுக்கொன்று ஃப்ளாஸ் நூல் கட்டி, அதன்மேல் இறுகிப்போகிற பிளாஸ்டிக்கான ரெசினை வைத்து ஸ்கேனருக்கு அடையாளம் காட்டினேன். முதலில் மெல்லும் பக்கம், அப்புறம் அண்ணப் பக்கம், கடைசியாகக் கன்னப் பக்கம் என்று வரிசை மாற்றாமல் ஓட்டினேன். முன்னைக்கு இப்போது நிறையவே தேவலை, ஆனால் எந்தக் கேஸ் உட்காரும், எது உட்காராது என்று முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. ஒட்டு வேலையே இல்லாமல் எல்லா இம்பிளான்ட்டின் இடத்தையும் அளக்கிற போட்டோகிராமெட்ரி கேமரா இருக்கிறது, அது தனிச் செலவு, ஈறுக்கு எப்படியும் இந்த ஸ்கேனரும் வேண்டும். "இனிமே அச்சே எடுக்க வேண்டாம்" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள்.

நண்பன் கிளினிக்குக்கு வருவதெல்லாம் ஒன்று இரண்டு பல் கேஸ்தான். கணக்குப் பார்த்தால் வாங்கு என்றுதான் சொல்ல வேண்டும். வாங்காதே என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை கண்டக்டர் மறுபடி வருகிறார். வாயிலேயே ரெசினால் ஆறையும் இணைத்து, ட்ரேயில் அச்செடுத்து, பிளாஸ்டர் மாடல்தான் ஊற்றப் போகிறேன்.