தேயிலைச் சரிவில் நோடு எங்கே? ஜிபிஎஸ், தாவல் கணக்கு, சிக்னல் பலம்: எது பேட்டரியைத் தின்கிறது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் மண் ஈரம் பார்க்க 24 நோடுகள் (பேட்டரியில் ஓடி, ரேடியோவில் செய்தி அனுப்பும் சிறு உணரிக் கருவிகள்) நட்டோம். 2009 நவம்பர் மண்சரிவுகளில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஈரத்தை ஏன் கவனிக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குள் நடந்த சண்டை வேறு. "ஈரம் ஏறிவிட்டது" என்று செய்தி அனுப்பும் நோடு சரிவில் எங்கே நிற்கிறது என்பதை, பேட்டரியைக் காலி செய்யாமல் தெரிந்துகொள்வது எப்படி?

ஜிபிஎஸ் என்றாலே "கரண்டை உறிஞ்சும்" என்று பாடத்தில் ஒதுக்கிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண மாட்யூல் ஓடும்போது சுமார் 40 மில்லிஆம்ப் எடுக்கும். இடம் பிடிக்க 45 விநாடி என்று வைத்தால் ஒரு தடவைக்கு 0.5 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி, பேட்டரிக் கொள்ளளவின் அலகு). 2,000 எம்ஏஎச் பேட்டரியில், அணைக்காமல் விட்டால் 50 மணி நேரத்தில் கதை முடிந்தது. மணிக்கு ஒரு தடவை என்றால் ஐந்தரை மாதம் வரும். நாளுக்கு ஒரு தடவை என்றால் ஜிபிஎஸ்ஸால் பேட்டரி சாகாது, வயதாகித்தான் சாகும்.

அடுத்தது டிவி-ஹாப். தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிகுலெஸ்கு, நாத் என்ற இருவர் 2001இல் முன்வைத்த முறை. இடம் தெரிந்த நாலைந்து நோடுகள் (ஆங்கர்கள்) ஒரு செய்தியைப் பரப்பும். அது நோடிலிருந்து நோடுக்குத் தாவிப் போகும். அது எத்தனை தாவலில் தன்னிடம் வந்தது என்று ஒவ்வொரு நோடும் எண்ணிக்கொள்ளும். ஒரு தாவலின் சராசரி நீளத்தால் பெருக்கினால் ஆங்கருக்கு உள்ள தூரம், பல ஆங்கர்களின் தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால் இடம். தனி வன்பொருள் தேவையில்லை என்பதால் இதைச் சிக்கனம் என்கிறார்கள்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். செய்தி அனுப்ப ஆகும் செலவு சில்லறைதான். காது கொடுத்துக் காத்திருப்பதுதான் செலவு. பழைய டெலாஸ்பி வகை நோடுகளின் சிசி2420 ரேடியோ, ஒன்றும் வராமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே கிட்டத்தட்ட 19 மில்லிஆம்ப் எடுக்கும். கடிகாரங்கள் ஒத்துப்போகாமல், தொலைந்த செய்தியைத் திரும்ப அனுப்பி, எல்லாம் முடியப் பத்து நிமிடம் விழித்திருந்தால் 3 எம்ஏஎச் போய்விடும். அந்தக் காசில் ஆறு தடவை ஜிபிஎஸ் பார்த்திருக்கலாம்! தூங்கித் தூங்கி விழித்துக் கேட்கும் முறை வைத்தால் செலவு குறையும், ஆனால் செய்தி பரவ நேரம் இழுக்கும்.

போகட்டும், இடமாவது சரியாக வருமா? சமவெளியில் ஓரளவு வரும். மலையில் 40 மீட்டர் தள்ளி நிற்கும் நோடுக்கு நடுவில் ஒரு திட்டு இருந்தால், செய்தி மூன்று தாவலில் சுற்றிக்கொண்டு வரும். ஒரு தாவல் 35 மீட்டர் என்றால் அந்த நோடு 105 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்கு சொல்லும். பக்கத்து எஸ்டேட்டுக்கே போய்விடும்.

சிக்னல் பலத்தை வைத்துத் தூரம் சொல்லும் ஆர்எஸ்எஸ்ஐ முறைக்கு மின்செலவு குறைவு. எப்படியும் வரும் செய்தியிலேயே பலத்தை அளந்துகொள்ளலாம். ஆனால் மழை பெய்து, சில்வர் ஓக் இலையும் தேயிலைப் புதரும் நனைந்துவிட்டால் சிக்னல் இறங்கும். (பலரும் மூடுபனி மேல் பழி போடுகிறார்கள். இந்த அலைவரிசையில் பனி பெரிதாக ஒன்றும் செய்யாது, நனைந்த இலைதான் செய்யும்.) மரமடர்ந்த இடத்துச் சூத்திரப்படி 6 டெசிபல் குறைந்தால் 20 மீட்டர் 32 மீட்டராகத் தெரியும். நமக்கு இடம் தேவைப்படுவதே மழையில்தானே!

ஒலி போய்ச் சேரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசவுண்டை நான் சீண்டவில்லை. பத்து மீட்டரைத் தாண்டுவதே கஷ்டம், அதோடு ஊட்டி ஜனவரிக் குளிரில் ஒலியின் வேகமே மாறும். யுடபிள்யூபி என்ற அகன்ற அலைவரிசை ரேடியோ பத்து சென்டிமீட்டர் துல்லியம் தரும், ஆனால் கேட்கும்போது 100 மில்லிஆம்புக்கு மேல் இழுக்கும்.

இந்த விவாதம் எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, நட்டவங்களுக்கே எங்க நட்டோம்னு தெரியாதா?"

தெரியும்தான். நட்ட அன்றே போனில் இடம் பிடித்து, எந்த நிரை, எத்தனையாவது செடி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் நோடுக்குச் செலவு பூஜ்யம். விமானத்திலிருந்து தூவிவிடும் நோடுகளுக்காக யோசித்த முறைகளை, கையால் நட்டவற்றுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய இடம் எவ்வளவு நாள் செல்லும்? காட்டெருமை உரசினால் கம்பு பெயரும். அதற்காக, சில மைக்ரோஆம்பிலேயே விழித்திருக்கும் அசைவு உணரி ஒன்றைச் சேர்த்தோம். அது சாய்வைக் கண்டால் மட்டும் ஜிபிஎஸ் எழும். மண் மெல்ல நகர்வதை ஜிபிஎஸ்ஸால் பிடிக்க முடியாது, அதன் பிழையே சில மீட்டர். அந்த வேலையையும் சாய்வு அளவே பார்த்துக்கொள்ளும். அடர்ந்த சோலைக்குள் நடுவதாக இருந்தால் ஜிபிஎஸ் தடுமாறும், அங்கே நோட்டுப் புத்தகத்தோடு மரத்தில் பெயின்ட் அடையாளமும் போட்டுவிடுவேன்.

முதல் மழையில் 17ஆம் எண் நோடு சாய்வு காட்டியது. ஜிபிஎஸ் ஆறு மீட்டர் கீழே என்றது. போய்ப் பார்த்தால், தண்ணீர் வடியும் கானில் கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் குளம்புத் தடம்.