கவுன்டர் ஸ்டிரைக் 2: 4,750 டாலர் துப்பாக்கி நியாயமா?

ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் சுட்டுக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஆட்டமான கவுன்டர் ஸ்டிரைக் 2 பற்றிப் பேச ஆரம்பித்தால் கிராஃபிக்ஸ், ஸ்கின் (துப்பாக்கி அலங்காரம்) விலை, ஹேக்கர் தொல்லை என்று எங்கெங்கோ போய்விடும். நான் ஒரே ஒரு துப்பாக்கியைப் பிடித்துக்கொள்கிறேன்: ஏ.டபிள்யூ.பி. என்ற ஸ்னைப்பர். தலை, நெஞ்சு, வயிறு, கை, எங்கே பட்டாலும் ஒரே குண்டில் ஆள் காலி. கவசமும் ஹெல்மெட்டும் சும்மா. காலில் பட்டால் மட்டும் குற்றுயிராகத் தப்பலாம். புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்பது, "இதை எவன்டா ஆட்டத்துக்குள்ள விட்டான்?" பிரௌசிங் சென்டரில் பழைய கவுன்டர் ஸ்டிரைக் 1.6 ஆடிய காலத்திலேயே இந்தப் புலம்பல் உண்டு. எங்கள் ஏரியா சென்டர் அண்ணன், பையன்கள் கைகலப்பு வரைக்கும் போனதால், ஏ.டபிள்யூ.பி வாங்கக்கூடாது என்று பேப்பரில் எழுதியே ஒட்டிவிட்டார்.

என் கட்சி வேறு. ஒரு துப்பாக்கி எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அதற்குக் கொடுக்கிற விலை வலிக்கவேண்டும். ஐந்துக்கு ஐந்து ஆடும் காம்பெடிட்டிவ் மோடில் அந்த விலை நன்றாகவே வலிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இந்த டாலரெல்லாம் ஆட்டத்துக்குள் சம்பாதித்து, ரவுண்டுக்கு ரவுண்டு ஆயுதம் வாங்குகிற காசு. ஆட்டம் தொடங்கும்போது கையில் 800 டாலர். ஏ.கே. 47 விலை 2,700. ஏ.டபிள்யூ.பி 4,750, கவசமும் ஹெல்மெட்டும் சேர்த்தால் 5,750. ஏ.கே.யில் ஒருத்தனைச் சுட்டால் 300 டாலர் கிடைக்கும், ஏ.டபிள்யூ.பி.யில் சுட்டால் வெறும் 100. மூன்று பேரைத் தூக்கினாலும் ஏ.கே.காரன் ஒருத்தனைத் தூக்கியதற்குச் சமம். 13 ரவுண்டு ஜெயித்தால் மேட்ச் முடிந்துவிடும் என்பதால், ஒரு ஏ.டபிள்யூ.பி.யைப் பறிகொடுத்த அணி நிமிர்ந்து உட்காருவதற்குள் பாதி ஆட்டம் போயிருக்கும்.

போன வாரம் மிராஜ் என்ற மேப்பில் நடந்தது. எதிரணியிடம் காசே இல்லை, எல்லாரும் பிஸ்டல். எங்கள் கூட்டாளி ஒருத்தன், எதிரணி பாம் வைக்க வரும் பி சைட்டில் ஏ.டபிள்யூ.பி.யோடு ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து அபார்ட்மென்ட்ஸ் பகுதியிலிருந்து நாலு பேர் மொத்தமாகக் குதித்தார்கள். முதல் ஆளைச் சுட்டான், விழுந்தான். இந்தத் துப்பாக்கியில் அடுத்த குண்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை நொடி ஆகும். அந்த ஒன்றரை நொடியில் மற்ற மூவரும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, 500 டாலர் டெக் 9 பிஸ்டலை வைத்து அவனைச் சல்லடை ஆக்கிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? கீழே விழுந்த ஏ.டபிள்யூ.பி.யை எடுத்துக்கொண்டு, அடுத்த ரவுண்டில் அதே துப்பாக்கியால் எங்களையே போட்டார்கள். "மச்சி, டிராப் போடு" (ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடு) என்று எங்கள் கூட்டாளி மைக்கில் கெஞ்ச, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று, இதற்கு மாற்றுமருந்து மலிவு. புகை கிளப்பும் ஒரு ஸ்மோக் 300, கண்ணைக் கூசவைக்கும் ஒரு ஃபிளாஷ் 200. மிராஜின் நடுப்பகுதியான மிட்டில், ஜன்னலிலிருந்து ஒருத்தன் ஸ்கோப் பிடித்து நிற்கிறான் என்றால், ஜன்னலில் ஒரு ஸ்மோக் விழுந்த பிறகு அவன் 4,750 டாலரை வைத்துக்கொண்டு சாம்பல் நிறப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டாம் பாகத்தில் ஹெச்.இ. என்ற வெடிகுண்டை வீசினால் புகையில் கொஞ்ச நேரம் ஓட்டை விழும். அது ஏ.டபிள்யூ.பி.காரனுக்குச் சாதகம் என்று சிலர் சொல்கிறார்கள். ஓட்டை இரண்டு பக்கமும்தானே திறக்கிறது!

ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனமும் இந்தத் துப்பாக்கியைத் தொடாமல் விட்டுவைக்கவில்லை. 2022 நவம்பரில் மேகசினில் 10 குண்டு இருந்ததை 5 ஆக்கினார்கள். அன்றைக்கு ஆளாளுக்கு ஒப்பாரி. எனக்கு அது சரியான வெட்டாகத்தான் பட்டது. குண்டின் வலு குறையவில்லை, ஆனால் புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு சுட்டுத் தள்ளுகிற சோம்பேறித்தனம் போயிற்று.

விலையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏ.யு.ஜி. என்ற ஸ்கோப் வைத்த ரைஃபிளின் கதை போதும். அந்தத் துப்பாக்கி ரொம்ப காலம் சீந்துவாரில்லாமல் கிடந்தது. 2018-ல் விலையை 3,300-லிருந்து 3,150 ஆக்கினார்கள், வெறும் 150 டாலர்தான் குறைவு. அடுத்த வருஷம் பார்த்தால் புரோ பிளேயர்கள் கையிலெல்லாம் ஏ.யு.ஜி. கடைசியில் விலையைத் திரும்ப ஏற்றி, துப்பாக்கியையும் மட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. 2015 டிசம்பரில் வந்த ஆர் 8 ரிவால்வர் அதற்கும் மேல். 850 டாலருக்கு உடம்பில் ஒரே குண்டில் கொல்கிற பிஸ்டல்! சில நாட்களிலேயே அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

தொடர்ந்து சுடுகிற ஆட்டோ ஸ்னைப்பரை எடுத்தவனை "நூப்" (கத்துக்குட்டி) என்று திட்டுவதுதான் எனக்கு விளங்காத விஷயம். 5,000 டாலர் கொடுத்து வாங்குகிறான், உடம்பில் இரண்டு குண்டு பட்டால்தான் ஆள் விழுவான், அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வேகமும் குறையும். தோற்ற கடுப்பில் வருகிற வசவு அது, வேறொன்றும் இல்லை.

மொபைல் ஆட்டமான பி.ஜி.எம்.ஐ. பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாக இருக்கும். அங்கே மூன்றாம் லெவல் ஹெல்மெட்டையும் ஒரே குண்டில் உடைக்கிற ஏ.டபிள்யூ.எம். ஸ்னைப்பர், விமானம் போடும் ஏர்டிராப் பெட்டியில்தான் கிடைக்கும். எவன் முந்தி ஓடினானோ, எவனுக்கு ராசி அடித்ததோ அவனுக்கு. நூறு பேர் ஆடுகிற ஆட்டத்துக்கு அது பொருந்தும். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் ராசியை நம்பித் துப்பாக்கி கொடுத்தால் நான் அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்துவிடுவேன்.

சரி, குறை எங்கே? கேஷுவல் மோடில். பத்துக்குப் பத்து, கவசம் இலவசம், காசு தாராளம், தோற்றாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. விளைவு, டஸ்ட் 2 மேப்பில் நடுவிலிருக்கும் மிட் டோர்ஸ் கதவைப் பார்த்து ஒரே அணியில் ஐந்து ஏ.டபிள்யூ.பி. கதவிடுக்கில் மூக்கை நீட்டினால் போச்சு. நான் மேலே புகழ்ந்த விலைக்கணக்கு அத்தனையும் இங்கே செல்லாக்காசு. புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் நுழைவதும் இந்த மோடில்தான், பிறகு ஏன் திட்டமாட்டார்கள்? அணிக்கு இரண்டு ஏ.டபிள்யூ.பி. என்று வரம்பு வைத்தால் தீர்ந்தது. தனியார் நடத்தும் சர்வர்கள் பலவற்றில் பல காலமாக இருக்கிற ஏற்பாடுதான் இது.

பிங், அதாவது சர்வருக்கும் நமக்கும் இடையே ஆகும் தாமதம், அந்தச் சமாச்சாரமும் உண்டு. மூலையில் அசையாமல் காத்திருப்பவனைவிட, ஓடிவந்து எட்டிப் பார்ப்பவன் திரையில் எதிராளி ஒரு கணம் முந்தித் தெரிவான். பிங் கூடக் கூட அந்தக் கணம் நீளும். சென்னை சர்வர் கிடைத்தால் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. சிங்கப்பூருக்குப் போய் மாட்டினால், ஸ்கோப் பிடித்துக் காத்திருந்ததே வீண் என்று தோன்றும்.

ஆட்டம் இலவசம். டிஸ்கில் 85 ஜி.பி. இடம் கேட்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப் என்றால் புகை எழும்பும்போதெல்லாம் படம் திக்கும், அதற்குத் தயாராக இருங்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று கேஷுவலுக்காக.