ஒரே சொல்லுக்கு எட்டு வகுப்புகள்: ‘கோதெஷ்’ பாடத்தொடரைக் கேட்டு முடித்தபின்

எபிரேய வேதாகமத்தில் நாம் ‘பரிசுத்தம்’ என்றோ ‘தூய்மை’ என்றோ தமிழில் படிக்கும் இடங்களில் பெரும்பாலும் நிற்கும் சொல் ‘கோதெஷ்’. கோஃப், தாலெத், ஷின் என்னும் மூன்று எழுத்துகளால் ஆன அதன் வேரையும், அந்த வேரிலிருந்து கிளைத்த சொற்களையும் மட்டுமே எட்டு வகுப்புகளில் கற்பிக்கும் இணையவழிப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் முழுமையாகக் கேட்டு முடித்தேன். பதிவு செய்த காணொளிகளும், வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாளும், தொட்டால் உச்சரித்துக் காட்டும் சொற்பட்டியலும் அதில் உண்டு. எபிரேய எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பயன்படாது. அதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்காகவே இத்தொடரை நான் பரிந்துரைப்பேன். அங்கே ஆசிரியர் இலக்கணப் பொருளைச் சொல்லித் தொடங்காமல், சொல் புழங்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறார். இந்த வேர் வேதாகமத்தில் முதன்முதலில் வருவது ஆதியாகமம் 2:3இல்; அங்கே புனிதமாக்கப்படுவது ஓர் இடமோ மனிதரோ அல்ல, ஏழாம் நாள். அதன்பின் யாத்திராகமம் 3:5இல் மோசே செருப்பைக் கழற்ற வேண்டிய மண் ‘அத்மத் கோதெஷ்’ எனப்படுகிறது. தொடர்ந்து எண்ணெய், உடை, பாத்திரம், தசமபாகம், நகரம் என்று சொல் பரவிக்கொண்டே போகிறது. எரேமியா 6:4இல் போருக்கு ஆயத்தமாகுங்கள் என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரேயம் ‘போரைப் புனிதப்படுத்துங்கள்’ என்று சொல்வதையும், யோசுவா 20:7இல் கலிலேயாவின் கெதெஷ் என்னும் ஊரை அடைக்கல நகரமாக ஒதுக்கியதற்கு அதே வேரின் வினையே வருவதால் ஊர்ப்பெயரும் வினையும் ஒன்றையொன்று எதிரொலிப்பதையும் அவர் நிறுத்தி நிதானமாக விளக்குகிறார்.

இவற்றுள் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தவை இரண்டு. ஒன்று, எண்ணாகமம் 16ஆம் அதிகாரத்தின் 250 தூபகலசங்கள். உரிமையின்றி அவற்றை ஏந்தி வந்தவர்கள் மடிந்துபோகிறார்கள். ஆனால் ஒருமுறை கடவுளின் முன் கொண்டுவரப்பட்டதால் கலசங்கள் புனிதமாகிவிட்டன என்று சொல்லி, அவற்றைத் தகடுகளாக அடித்துப் பலிபீடத்துக்கு மூடியாக்குகிறார்கள். பிடித்திருந்தவரின் நல்லொழுக்கத்துக்கும் பொருளின் கோதெஷுக்கும் அங்கே எந்தத் தொடர்பும் இல்லை. மற்றொன்று உபாகமம் 22:9. திராட்சைத் தோட்டத்தில் வேறு விதையைக் கலந்து விதைத்தால் விளைச்சல் ‘புனிதமாகிவிடும்’, அதாவது விதைத்தவன் தொட முடியாததாகிவிடும் என்பது எபிரேயச் சொற்களின் நேர்ப்பொருள். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அங்கே ‘தீட்டுப்படுத்துவாய்’ என்கிறது. புனிதத்தைக் குறிக்கும் வேருக்குத் ‘தீட்டு’ என்னும் தமிழ்ச்சொல் வந்து அமர்ந்திருப்பதைப் பிழை என்று நான் ஒதுக்கமாட்டேன். நெருங்கக் கூடாதது என்னும் புள்ளியில் இரண்டும் தொட்டுக்கொள்வதை மொழிபெயர்த்தவர்களின் காது உணர்ந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்காம் வகுப்பு லேவியராகமம் 10:10ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த வசனத்தில் இரண்டு இணைகள் உள்ளன: கோதெஷ் எதிர் ஹோல், தாமே எதிர் தாஹோர். ஹோல் என்றால் அன்றாடப் புழக்கத்துக்குரியது. இன்றைய எபிரேயத்திலும் வாரநாளுக்கு ‘யோம் ஹோல்’ என்றே பெயர். தாமே என்றால் தீட்டானது; தாஹோர் என்பதுதான் தீட்டில்லாத தூய்மை. எனவே தூய்மையானது எல்லாம் புனிதமானது ஆகிவிடாது. ஒரு பொருள் முற்றிலும் தூய்மையாக இருந்துகொண்டே அன்றாடப் பொருளாகவும் இருக்கலாம். ‘தூய’ என்னும் சொல்லைக் கோதெஷுக்குக் கொடுத்துவிட்டால் தாஹோருக்கு என்ன மிஞ்சும் என்று ஆசிரியர் கேட்கும் கேள்வி நியாயமானது. ‘பரிசுத்தம்’ என்னும் சொல்லுக்குள்ளும் சுத்தம் ஒளிந்திருப்பதால் சிக்கல் தீர்வதில்லை.

இவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் ஒருவர் முதல் வகுப்பை ஏன் அப்படி அமைத்தார் என்பது எனக்குப் புரியவில்லை. ‘கோதெஷின் வேர்ப்பொருள் வெட்டுதல், அதனால் பிரித்துவைத்தல்’ என்று அங்கே உறுதியாகச் சொல்லிவிடுகிறார். பழைய அகராதிகளில் ஊகமாக வந்து, பிரசங்கங்களில் முடிவாகிவிட்ட கருத்து இது. உறவுமொழியான அக்காதியத்தில் இதே வேர் தூய்மை, துலக்கம் ஆகியவற்றையும் தெய்வத்துக்கு உரியதாக்குதலையும் குறிக்கிறது. வெட்டுதல் அதில் இல்லை. மேலும் எபிரேயத்தில் பிரித்தலுக்கென்றே தனி வினை இருக்கிறது. லேவியராகமம் 20:26 ‘நான் பரிசுத்தர்’ என்று சொன்ன பிறகு, ‘உங்களைப் பிரித்தெடுத்தேன்’ என்பதற்கு அந்த வேறு வினையைத்தான் ஆள்கிறது. பிரிவு கோதெஷின் விளைவாக இருக்கலாம்; அதையே சொல்லின் பொருளாக்கினால் ஏழாம் நாளையும் எரியும் முட்செடியருகே இருந்த மண்ணையும் வெறும் வேலி போட்ட இடங்களாகச் சுருக்கிவிடுவோம். தொடரைக் கேட்பவர்கள் முதல் வகுப்பைக் கடைசியில் கேட்பது நல்லது.

வேதாகமத்துக்குப் பிந்தைய புழக்கம் முழுவதையும் ஏழாம் வகுப்பில் அடைத்திருப்பது அடுத்த குறை. ஓய்வுநாளைத் திராட்சரசத்தின் மீது ஓதி வரவேற்கும் கிதூஷ், அந்நாள் முடிவில் ‘கோதெஷையும் ஹோலையும் பிரிப்பவர்’ என்று கடவுளைப் புகழும் ஹவ்தாலா, இறந்தோருக்காகச் சொல்லப்பட்டாலும் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அரமேய மொழி வேண்டுதலாகிய கதிஷ், கோவிலுக்கு நேர்ந்துவிட்ட சொத்தாகிய ஹெக்தெஷ், கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலாகிய மிஷ்னாவின் ஆறு பகுதிகளில் பலிகளைப் பற்றிய ஐந்தாவதான கொதாஷிம் ஆகிய அனைத்தும் மூச்சுவிடாமல் கடந்துபோகின்றன. திருமண ஒப்பந்தத்துக்கு ‘கிதூஷின்’ என்று பெயர் வந்ததற்கு, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் தரும் விளக்கம், நேர்ந்துவிட்ட பொருளைப் போல அப்பெண் மற்ற எல்லோருக்கும் விலக்கப்பட்டவள் ஆகிறாள் என்பது. மணமகளை நோக்கி மணமகன் இந்த வேரின் சொல்லோடு ‘எனக்கு’ என்று சேர்த்துச் சொல்லும் திருமண வாக்கியத்துக்கே ஒரு முழு வகுப்பு தகும்.

தமிழ் எழுத்துப்பெயர்ப்பில் அக்கறை போதவில்லை. ஒரே சொல் ஒரு தாளில் ‘கோடேஷ்’ என்றும் இன்னொரு தாளில் ‘கொதெஷ்’ என்றும் வருகிறது. இதைவிடப் பெரிய தவறு, மாதத்தைக் குறிக்கும் ‘ஹோதெஷ்’ என்னும் வேறு சொல்லையும் சொற்பட்டியலில் ‘கோதெஷ்’ என்றே அச்சிட்டிருப்பது. எபிரேய எழுத்தைப் பார்ப்பவர் தப்பித்துக்கொள்வார். தமிழ் வரியை மட்டும் பார்ப்பவர், ‘ரோஷ் ஹோதெஷ்’ (மாதத்தின் தலை) எனப்படும் மாதப் பிறப்பைப் புனிதத்தின் தலை என்று படித்துவிடுவார். நடத்துவோருக்கு இதை எழுதி அனுப்பினேன். பதில் வந்தது, தாள் இன்னும் மாறவில்லை.

எட்டாம் வகுப்பில் புதிய பாடம் இல்லை, ஒரு பயிற்சி மட்டுமே உள்ளது: ‘பரிசுத்தம்’, ‘தூய்மை’, ‘புனிதம்’ ஆகிய மூன்றையும் தொடாமல் சில வசனங்களைத் தமிழில் எழுத வேண்டும். விடைத்தாள் தரப்படவில்லை, அது சரியான முடிவு. தலைமைக் குருவின் பொற்தகட்டில் பொறிக்கப்பட்ட ‘கோதெஷ்’ வாசகத்துக்குக் ‘கர்த்தருக்கே உரியது’ என்று எழுதினேன். அதே வாசகம் சகரியா 14:20இல் குதிரைகளின் மணிகளின் மேல் வரும்போதும் அது பொருந்தியது. ஏசாயா 6:3இல், கடவுளையே குறித்து மூன்று முறை ‘கதோஷ்’ (அதே வேரின் பெயரடை) என்று கூவும் இடத்தில், ‘உரியது’ கைவிட்டுவிட்டது. அவர் யாருக்கு உரியவர்? அந்த வரிக்கு எதிரே என் தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.